மூன்றாவது கிலோமீட்டரில் மூச்சு வாங்கும் ஸ்கூட்டர்: ஒரு பெட்ரோல் டேப்பைக் கழற்றி மாற்றிய முழு விவரம்

வண்டி 1970களின் பிற்பகுதியைச் சேர்ந்த 150 சிசி வெஸ்பா. இரண்டு ஸ்ட்ரோக், நாலு கியர், சீட்டுக்கு அடியில் 8 லிட்டர் டேங்க், அதற்குச் சற்றுக் கீழே கார்புரேட்டர். பெட்ரோல் பம்ப் எதுவும் கிடையாது, டேங்கின் அடியில் உள்ள டேப் (பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) வழியாகத் தன் எடையாலேயே பெட்ரோல் இறங்கி வர வேண்டும். ஆயில் தனியாக ஊற்றும் வகையும் இல்லை, பெட்ரோலிலேயே 2 சதவீதம் கலந்து ஊற்றும் வண்டி. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் முக்கியமாக வரும்.

தொந்தரவு இதுதான். காலையில் இரண்டாவது கிக்கில் ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங் அழகாக நிற்கும், முதல் இரண்டு கிலோமீட்டர் எந்தக் குறையும் இல்லை. மூன்றாவது கிலோமீட்டரில் நாலாவது கியரில் 60ஐத் தொட்டதும் மெதுவாகத் திணற ஆரம்பிக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்னும் மோசமாகும், குறைத்தால் கொஞ்சம் தெளியும். அப்படியே இழுத்துக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஸ்டார்ட் ஆகி, மறுபடி மூன்று கிலோமீட்டர்.

சூடானதும் நின்று, ஆறியதும் ஓடுகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் கண்டென்சர், இல்லாவிட்டால் காயில், அதாவது பிளக்குக்குத் தீப்பொறி தரும் கரண்ட் பக்கம். நானும் அப்படித்தான் போனேன். பிளக் மாற்றினேன், கண்டென்சர் மாற்றினேன், பாயிண்ட் இடைவெளி சரிபார்த்தேன், கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை (பெட்ரோல் அளவோடு போகும் சிறு துளைத் திருகுகள்) இரண்டு முறை கழுவினேன். மூன்று வாரம் போனது, வண்டியில் ஒரு மாற்றமும் இல்லை. இவ்வளவுக்கும் வண்டி தன் தொந்தரவைத் தெளிவாகவே சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் கேட்கவில்லை.

என்ன சொன்னது என்றால்: கரண்ட் போய் நிற்கும் வண்டி விளக்கை அணைத்தது போலப் பட்டென்று நிற்கும். பெட்ரோல் போதாமல் நிற்கும் வண்டி இழுத்து இழுத்து, நாலைந்து முறை தடுமாறித்தான் நிற்கும். அதோடு, திணறும் நேரத்தில், எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்தால் சில நொடி உயிர் வந்து மறுபடி போனது. சோக்கை இழுத்ததும் ஒரு எஞ்சின் தெளிகிறது என்றால் அது ஏற்கெனவே பெட்ரோல் குறைவாகத்தான் குடித்துக்கொண்டிருக்கிறது. பிளக்கைக் கழற்றினால் முனை வெளுத்துப் போயிருந்தது, அதுவும் அதே கதைதான்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாலு ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் தனியாக இருக்கிறது, பெட்ரோல் குறைந்தாலும் ஆயில் குறையாது. கலவை ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் சேர்ந்து குறைகிறது. பிஸ்டனுக்கும் கிராங்கின் பேரிங்குக்கும் மசகு அந்தக் கலவையில் இருந்துதான் கிடைக்கிறது. 60 வேகத்தில் பெட்ரோல் போதாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் எஞ்சின் அதிகச் சூட்டிலும் குறைந்த ஆயிலிலும் ஓடுகிறது, இப்படித்தான் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்கிறது. அதனால் 'கொஞ்சம் திணறுது, பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடும் தொந்தரவு இல்லை இது. நான் மூன்று வாரம் அப்படி ஓட்டியதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

அளந்து பார்த்தது

சரி, பெட்ரோல் வரத்துதான் சந்தேகம் என்றால் அளந்துவிட வேண்டியதுதான். கார்புரேட்டர் பெட்டியைத் திறந்து, பெட்ரோல் டியூபைக் கழற்றி, அதன் முனையை மில்லிலிட்டர் கோடு போட்ட ஒரு ஜாடிக்குள் விட்டு, டேப்பைத் திறந்து, கையில் கடிகாரத்துடன் உட்கார்ந்தேன். நிறையப் பேர் இந்தச் சோதனையை ஐந்து நொடி செய்துவிட்டு 'நல்லா வருதே' என்று டியூபை மாட்டிவிடுகிறார்கள். நானும் முதல் வாரத்தில் அதைத்தான் செய்திருந்தேன். ஐந்து நிமிடம் தொடர்ந்து ஓடவிட வேண்டும்.

எவ்வளவு வந்தால் போதும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். 60 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 30 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 2 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு சுமார் 33 மி.லி. மேட்டில் முழு ஆக்சிலேட்டரில் ஏறும்போது இரண்டு மடங்குகூட வேண்டியிருக்கலாம். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கும்போது அழுத்தமும் குறையும். இதையெல்லாம் சேர்த்து, நிமிடத்துக்கு 150 மி.லி.க்குக் குறைந்தால் எனக்குத் திருப்தி இல்லை, 100க்குக் கீழே போனால் கட்டாயம் கழற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

எனக்குக் கிடைத்தது: முதல் நிமிடம் 110 மி.லி., இரண்டாவது நிமிடம் 60, மூன்றாவது 35, ஐந்தாவது நிமிடத்தில் 28. எல்லாம் அதிலேயே அடங்கிவிட்டது. முதல் இரண்டு நிமிடம் தேவைக்கு மேலேயே வருகிறது, அதனால்தான் வீட்டிலிருந்து கிளம்பும்போது குறையே தெரியவில்லை. மூன்றாவது நிமிடத்திலிருந்து வரத்தும் செலவும் ஏறக்குறைய ஒன்றாகி, பிறகு செலவு முந்திக்கொண்டு, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் அறை மெல்ல மெல்லக் காலியாகிறது. ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தால் அறை நிரம்பிவிடும், டேப்பை அடைத்துக்கொண்டிருந்த எதுவோ ஓட்டம் நின்றதும் விலகிவிடும், மறுபடி ஓடலாம். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

டேப் மேல் பழி போடுவதற்கு முன்னால் இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று டேங்க் மூடி. மூடியில் காற்றுப் புகச் சிறு துளை உண்டு, அது அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது, அறிகுறிகள் அப்படியே இதே மாதிரி இருக்கும். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி அளந்தேன், அதே எண்கள்தான், ஆக மூடி குற்றமற்றது. இன்னொன்று, கார்புரேட்டரில் டியூப் வந்து சேரும் இடத்தில் உள்ள சிறு வலை. அது அடைத்தாலும் வண்டி இப்படியே திணறும், ஆனால் நான் அளந்தது அதற்கு முன்னாலேயே டியூபின் முனையில், அதனால் அதுவும் இல்லை. மீதி இருப்பது டியூபும் டேப்பும் டேங்கின் அடியும்தான்.

டேப்பை மூடிய நிலையில் வைத்து, டியூபின் முனையை ஒரு பாட்டிலில் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். பத்து மணி நேரத்தில் 40 மி.லி. பெட்ரோல் பாட்டிலில் இருந்தது. அதாவது திறந்தால் போதுமான அளவு விடவில்லை, மூடினால் முழுதாக அடைக்கவில்லை. இந்த இரண்டும் ஒன்றாக இருந்தால் டேப்பின் உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டுவிட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

இந்த 40 மி.லி. சின்ன விஷயம் இல்லை. மூடிய டேப்பிலிருந்து கசியும் பெட்ரோலை இரவு முழுவதும் தடுத்து நிறுத்துவது கார்புரேட்டரின் ஃப்ளோட் ஊசி ஒன்றுதான். அந்த ஊசியும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் பெட்ரோல் கிராங்க் அறைக்குள் இறங்கும், அங்கிருந்து ஆயில் சீல் வழியாகக் கியர் பெட்டிக்கும் போகலாம். சந்தேகத்தில் கியர் ஆயிலை வடித்துப் பார்த்தேன். இந்த எஞ்சினில் 250 மி.லி. இருக்க வேண்டும், வந்தது 300க்குக் கொஞ்சம் மேல், மூக்கருகே கொண்டுபோகாமலேயே பெட்ரோல் வாசனை. அந்தக் கியர் பெட்டி எத்தனை நாளாக நீர்த்துப்போன ஆயிலில் ஓடியது என்று எனக்குத் தெரியாது. டேப் பற்றி எழுத உட்கார்ந்தவன் கியர் ஆயிலைப் பற்றிப் பேசக் காரணம் இதுதான், உங்கள் டேப் கசிந்தால் கியர் ஆயில் வடிக்கும் போல்ட்டையும் ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.

கழற்றியது

பெட்ரோல் வேலை என்பதால் திறந்த வெளியில்தான் செய்தேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும், எங்கோ இருக்கும் ஒரு பொறி போதும். முழு டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து அதிகம், உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்பதால். பேட்டரி உள்ள வண்டி என்றால் முதலில் அதன் இணைப்பைக் கழற்றுங்கள். இறுகிய நட்டுக்குத் தீ காட்டும் யோசனை இந்த வேலையில் மனதில்கூட வரக் கூடாது.

டேங்கை டியூப் வழியாகவே மூடியுள்ள ஒரு உலோகக் கேனில் வடித்தேன். 28 மி.லி. வேகத்தில் வடியும் டேங்கைக் காலி செய்யப் பொறுமை வேண்டும், அதனால் அவ்வப்போது டியூபின் முனையிலிருந்து கைப்பம்பால் காற்றடித்துவிட்டேன். அடித்ததும் ஓட்டம் 130க்கு ஏறும், இரண்டு நிமிடத்தில் மறுபடி இறங்கும். உள்ளே ஏதோ ஒன்று கதவு மாதிரி ஆடிக்கொண்டு வந்து துளையில் படிகிறது என்பது அப்போதே புரிந்துவிட்டது.

சீட்டைக் கழற்றி, டேங்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை எடுத்தாயிற்று. இப்போது டேங்கை உடனே தூக்கிவிடக் கூடாது. டேப்பின் பிடி வண்டியின் வெளியே இருக்கிறது, டேப் உள்ளே இருக்கிறது, இரண்டையும் ஒரு நீளக் கம்பி இணைக்கிறது. கம்பியின் முனை டேப்பின் கவட்டைக்குள் ஒரு சிறு பின் (பூட்டு ஊசி) போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். டேங்கை ஒரு கை நுழையும் அளவு மட்டும் உயர்த்தி, அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்து, பின்னை மூக்கு நீண்ட பிளையரால் உருவி, வெளியே இருந்து பிடியை நேராக இழுத்தால் கம்பி வந்துவிடும். அதன்பிறகு டியூபை டேப்பிலிருந்து கழற்றி டேங்கைத் தூக்கலாம். அவசரத்தில் தூக்கினால் கம்பி வளையும், இல்லாவிட்டால் டேப்பின் கவட்டை உடையும். அந்தப் பின் கீழே வண்டியின் உடம்புக்குள் விழுந்துவிட்டால் தேடி எடுப்பது பெரும்பாடு, அதனால் முதலிலேயே கீழே ஒரு துணியைத் திணித்து வைத்தேன்.

டேங்கை வெளியே வைத்ததும் முதல் வேலையாக, டேப்பின் உடம்பிலிருந்து டேங்க் வரை ஆணியால் ஒரு கோடு கிழித்தேன். டேப் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி. புது டேப் பத்து டிகிரி திரும்பி நின்றாலும் வெளியே இருந்து வரும் கம்பி கவட்டைக்குள் நேராகப் போகாது.

இந்த வகை டேங்கில் டேப்பைப் பிடித்திருக்கும் நட்டு வெளியே இல்லை, டேங்கின் உள்ளே இருக்கிறது. முதல் முறை கழற்றுபவர்கள் அடியிலேயே தேடித் தேடி, கடைசியில் டேப்பை ரெஞ்சால் பிடித்துத் திருகி உடைத்துவிடுகிறார்கள். பெட்ரோல் ஊற்றும் வாய் வழியாக ஒரு நீளமான டி கைப்பிடி பாக்ஸ் ஸ்பேனரை உள்ளே இறக்க வேண்டும். அது குழாய் மாதிரி உள்ளே வெற்றாக இருக்கும், ஏனென்றால் டேப்பின் நிற்கும் குழாய் (டேங்குக்குள் செங்குத்தாக நிற்கும் பகுதி) அதற்குள் நுழைந்து போனால்தான் ஸ்பேனர் அடியில் உள்ள நட்டில் போய் உட்காரும். இதற்கென்றே செய்த ஸ்பேனரை வாங்கிவிடுங்கள். பாதி பொருந்தும் ஏதோ ஒன்றை வைத்துச் சமாளித்து நட்டின் முனைகளை வழித்துவிட்டால் அப்புறம் டேங்கை வெட்டித்தான் ஆக வேண்டும்.

என் நட்டு அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெயை உள்ளேயும் அடியிலும் விட்டு இரண்டு ராத்திரி விட்டேன். மூன்றாவது நாள், கழற்றும் திசையில் முதலில் போகாமல், இறுக்கும் திசையில் ஒரு நூல் அளவு தட்டிக் கொடுத்தேன், அப்புறம் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம், விட்டுவிட்டது. இந்த நேரம் முழுவதும் டேப்பின் உடம்பை இடது கையால்தான் பிடித்திருந்தேன். உடம்பு துத்தநாகக் கலவையில் வார்த்தது, பிளையரின் பிடி அதற்கு ஆகாது. நட்டு கழன்றதும் உள்ளேயே விழுந்துவிடாமல் இருக்க ஸ்பேனரின் வாயில் கொஞ்சம் கிரீஸ் தடவியிருந்தேன், நட்டு அதிலேயே ஒட்டிக்கொண்டு மேலே வந்தது.

உள்ளே இருந்தது

நிற்கும் குழாயைச் சுற்றி இருக்க வேண்டிய வலை பாதி கிழிந்திருந்தது. டேங்கின் அடியில் பழுப்பான சேறு, துருவும் பழைய ஆயிலின் பிசினும் கலந்தது. ஆனால் முக்கியக் குற்றவாளி வேறு.

டேப்பின் முகத்தட்டை இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கின்றன. அதைக் கழற்றினால் ஒரு அலை ஸ்பிரிங், அதன் பின்னால் திரும்பும் தட்டு, அதன் பின்னால் துளைகள் போட்ட ரப்பர் வட்டு. பிடியில் உள்ள எழுத்துகள் இத்தாலிய வார்த்தைகளின் முதலெழுத்துகள்: திறந்தது, மூடியது, ரிசர்வ் ஆகிய மூன்றுக்கு ஏ, சி, ஆர். பிடியைத் திருப்பும்போது தட்டு நகர்ந்து, ரப்பரின் எந்தத் துளைக்கு வழி விடுகிறது என்பதை மாற்றுகிறது. நிற்கும் குழாயின் மேல் முனையிலிருந்து வரும் வழி சாதாரண ஓட்டத்துக்கு, அடியில் உள்ள வழி ரிசர்வுக்கு. அவ்வளவு எளிய அமைப்பு, எல்லாப் பாரமும் அந்த ஒரு ரப்பர் வட்டின் மேல்தான்.

என் ரப்பர் ஊதியிருந்தது. வட்டமாக இருக்க வேண்டிய துளை ஒரு கண் இமை இடுக்கு அளவுக்குச் சுருங்கி, அதன் ஓரத்தில் ஒரு துண்டு பாதி கிழிந்து நாக்கு மாதிரி தொங்கியது. பெட்ரோல் ஓட ஆரம்பித்தால் அந்த நாக்கு மெல்ல இழுபட்டு வந்து துளையை மூடும், நின்றால் விலகும். ஐந்து நிமிட எண்களில் பார்த்தது இந்த நாக்கைத்தான். பழைய ரப்பர் கலவைகள் எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை இல்லை, அதில் ஊறினால் சில ரப்பர்கள் ஊதி இளகிவிடும். பெட்ரோல் காய்ந்து மாதக்கணக்கில் நின்றால் அதே ரப்பர் இறுகி விரிசல் விடும். ஊறுவதும் காய்வதும் மாறி மாறி நடந்த வண்டி இது.

இன்னொன்றும் இருந்தது, அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. டேப்புக்கும் டேங்குக்கும் நடுவில் உள்ள வாஷரைச் சுற்றி முன்பு யாரோ சிலிகான் பசை அப்பியிருக்கிறார்கள். சாதாரண சிலிகான் பசை பெட்ரோலைத் தாங்காது, ஊதிக் கூழாகி இழை இழையாகப் பிரியும். அந்த இழைகள் சில டேப்பின் வழிக்குள்ளேயே கிடந்தன. கசிவை நிறுத்தப் பூசிய பசையே அடைப்பாகிவிட்டது. வாஷர் உட்காரும் இடம் சுத்தமாகவும் சமமாகவும் இருந்தால் புது வாஷர் ஒன்று போதும், எந்தப் பசையும் வேண்டாம். இடம் சமமாக இல்லையென்றால் அதைச் சரிசெய்யாமல் பசை பூசுவதில் அர்த்தம் இல்லை.

ரப்பர் வட்டை மட்டும் மாற்றலாமா என்று யோசித்தேன், பொதுவாக எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் தட்டின் முகத்தில் விரல் நகம் தட்டும் அளவுக்குக் கீறல்கள், ஸ்க்ரூ மரையில் ஒன்று வழிந்திருந்தது. அதன் மேல் புது ரப்பர் வைத்தாலும் ஆறு மாதத்தில் கசியும். முழு டேப்பையும் மாற்ற முடிவு செய்தேன்.

டேங்க், பிறகு புது டேப்

சேறு உள்ள டேங்கில் புது டேப் மாட்டுவது வீண் வேலை. டேப் துளைக்கு ரப்பர் அடைப்பு போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்ரிக் அமிலத் தூள் சுமார் அரை கிலோ கரைத்து டேங்க் நிறைய ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்து ஒரு நாள் விட்டேன். அதற்கு முன் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசி ஆயில் பிசுக்கை எடுத்துவிட வேண்டும், பிசுக்கின் மேல் அமிலம் வேலை செய்யாது. மறுநாள் கொட்டி, சோடா உப்பு கரைத்த தண்ணீரில் அலசி, வெறும் தண்ணீரில் அலசி, உடனே காற்றடித்துக் காய வைத்தேன். இதில் 'உடனே' என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள், சுத்தமான ஈர இரும்பு ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி செம்மை பூத்துவிடும். காய்ந்ததும் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயிலை உள்ளே விட்டு எல்லாப் பக்கமும் உருட்டினேன்.

புது டேப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டவில்லை. சுத்தமாக இருக்கும்போதே வாயால் ஊதி மூன்று நிலைகளையும் பார்த்தேன். மூடிய நிலை கெட்டியாக நின்றது, ரிசர்வ் தாராளமாகப் போனது, சாதாரண நிலை மட்டும் இறுக்கமாக இருந்தது. முகத்தட்டைக் கழற்றினால் ரப்பர் வட்டின் துளை ஒன்றில் அச்சு பிசிறு மெல்லிய தோல் மாதிரி மிச்சம் இருக்கிறது. கூர்மையான பிளேடால் எடுத்தேன். பார்க்காமல் மாட்டியிருந்தால், டேப் புதுசாயிற்றே என்று மறுபடி கண்டென்சர் பக்கம் போயிருப்பேன். பழைய டேப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளந்ததில் நிற்கும் குழாய் புதியதில் ஒரு சென்டிமீட்டர் குறைவு. குழாய் குட்டையானால் ரிசர்வில் தங்கும் அளவும் குறையும், அதைப் பிறகு அளந்தேன்.

மாட்டும்போது நடப்பது என்னவென்றால், உள்ளே நட்டை இறுக்க இறுக்க அடியில் டேப்பும் கூடவே திரும்பும். கிழித்த கோட்டுக்கு நேராக வைத்துத் தொடங்கினால் இறுகி முடியும்போது தள்ளிப் போயிருக்கும். கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் வைத்துத் தொடங்கி, கடைசிக் கால் சுற்றில் கையால் நேராகப் பிடித்து நிறுத்தினேன், மூன்றாவது முயற்சியில் சரியாக நின்றது. இறுக்கம் விஷயத்தில் பலத்தைக் காட்ட வேண்டாம். வாஷர் அமுங்கி, டேப்பைக் கையால் திருப்ப முடியாத நிலை வந்தால் போதும். அதற்கு மேல் போனால் வாஷர் பிதுங்கும், வார்ப்பு மரை போகும்.

டேங்கை வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஒரு ராத்திரி வெளியிலேயே சோதனை. இரண்டு கட்டைகளின் மேல் வைத்து, அடியில் அட்டை விரித்து, ஒரு லிட்டர் ஊற்றினேன். வெறும் பெட்ரோல் ஊற்றாமல் ஆயில் கலந்ததை ஊற்றினேன். வெறும் பெட்ரோல் மெல்லக் கசிந்தால் காலைக்குள் ஆவியாகி, அட்டை காய்ந்து, கசிவே இல்லை என்று நினைத்துவிடுவோம். கலவை என்றால் ஆயில் கறை தங்கும். வாஷரைச் சுற்றிச் சாக்பீஸ் தூளும் தடவிவிட்டேன், சொட்டாகாத ஈரம்கூட அதில் நிறம் மாறிக் காட்டும். காலையில் அட்டையும் சாக்பீஸும் அப்படியே இருந்தன.

டேங்கில் இன்னும் பெட்ரோல் ஊற்றி ஓட்டம் அளந்தேன்: 240, 240, 235, அப்படியே ஐந்து நிமிடமும். மகிழ்ச்சியோடு டேங்கை வண்டியில் இறக்கி, கம்பியைக் கோத்து, பின்னைப் போட்டு, போல்ட்டுகளை இறுக்கி, கார்புரேட்டர் பக்கம் டியூப் முனையில் மறுபடி அளந்தேன். 90.

அப்போது நேரம் சாயங்காலம் ஆகிவிட்டது, விட்டுவிட்டு உள்ளே போனேன். களைத்துப் போன கையோடு பெட்ரோல் வேலை செய்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

மறுநாள் டேங்கைப் பாதி தூக்கிப் பார்த்தால், டியூப் டேங்குக்கும் உடம்புக்கும் நடுவில் மடங்கிக் கிடக்கிறது. புது டியூப், பழையதன் நீளத்துக்கே வெட்டியது, ஆனால் சுவர் தடிமன் அதிகம், பழையது மாதிரி வளைந்து கொடுக்கவில்லை. டேங்க் கீழே இறங்கும்போது மிச்ச நீளம் போக இடமில்லாமல் மடிந்துவிட்டது. மூன்று சென்டிமீட்டர் வெட்டினேன். அப்புறம் டேங்கை ஒரு கையால் இறக்க இறக்க, இன்னொரு கையால் கார்புரேட்டர் பெட்டிப் பக்கம் டியூபை இழுத்துக்கொண்டே வந்தேன். டியூப் எங்கும் ஏறி இறங்காமல், டேப்பிலிருந்து ஒரே சரிவாகப் போக வேண்டும், நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்றுக் குமிழ் தங்கும். இப்போது 225. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் சீட்டை மாட்டினேன்.

அதற்குப் பின்

புது கியர் ஆயில் 250 மி.லி. ஊற்றி, ஃப்ளோட் ஊசியையும் மாற்றிவிட்டு எடுத்துப் போனேன். நாலாவது கியரில் இருபது நிமிடம் நிறுத்தாமல், நடுவில் ஒரு நீள மேட்டையும் சேர்த்து ஓட்டினேன். ஒரு முறைகூடத் திணறவில்லை. இரண்டு நாள் கழித்துப் பிளக்கைக் கழற்றினால் வெளுப்பு போய் இளம் பழுப்பு வந்திருந்தது. ஜெட் எதையும் மாற்றவில்லை, அதாவது கார்புரேட்டர் முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி அளந்தேன்: 220. மூடிய நிலையில் ஒரு ராத்திரி வைத்த பாட்டிலில் ஒரு சொட்டும் இல்லை. கியர் ஆயில் அளவும் ஏறவில்லை. கிராங்கின் ஆயில் சீல் பற்றி எனக்கு இன்னும் முழு நிம்மதி இல்லை, பெட்ரோல் ஒரு முறை அந்தப் பக்கம் போயிருக்கிறது என்றால் சீல் புதுசு மாதிரி இருக்காது. அடுத்து எஞ்சினை இறக்கும்போது அதையும் பார்க்க வேண்டும். இப்போதைக்கு ஒவ்வொரு மாதமும் ஆயில் அளவையும் வாசனையையும் பார்த்துக்கொள்கிறேன்.

வண்டியை நிறுத்தும்போதெல்லாம் டேப்பை மூடுகிறேன். ஃப்ளோட் ஊசியின் பாரம் குறையும் என்பது ஒரு காரணம், தட்டு தினமும் நகர்ந்தால் ரப்பரில் ஒட்டிக்கொள்ளாது என்பது இன்னொன்று. வருஷக்கணக்கில் திறந்தே கிடந்த டேப்பை ஒரு நாள் திடீரென்று மூடப் போய் ரப்பரைக் கிழித்தவர்கள் உண்டு. என் பழைய ரப்பரின் நாக்கும் அப்படித்தான் உண்டாகியிருக்கும் என்று நினைக்கிறேன். பிடி இறுக்கமாக இருந்தால் பலமாகத் திருப்பாதீர்கள், டேங்கைத் தூக்கிப் பாருங்கள்.

மிச்சம் இருந்தது ரிசர்வ். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, டேப்பைச் சாதாரண நிலையில் வைத்து, டியூப் வழியாகப் பெட்ரோல் தானாக நிற்கும்வரை வடித்தேன். பிறகு ரிசர்வுக்குத் திருப்பி, வந்ததை ஜாடியில் பிடித்தேன்: 1.3 லிட்டர். லிட்டருக்கு 30 என்றால் 39 கிலோமீட்டர். குழாய் குட்டையாகிவிட்டதால் பழைய டேப்பின் கணக்கை இனி நம்பக் கூடாது. 'ரிசர்வ் 1.3 லி., 35 கி.மீ.க்குள் போட்டுவிடு' என்று ஒரு காகிதத்தில் எழுதி, சீட்டுக்கு அடியில் டேங்க் மூடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.